புல்லும் புறம்போக்கும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குள்ள ஒரு காலி மனை. ரெண்டு பக்கம் ஆலைச் சுவர், ஒரு பக்கம் லாரிங்க வரிசையா நிக்கிற ரோடு, நாலாவது பக்கம் மழைத்தண்ணிக் கால்வாய். தை மாசம் வேலை விஷயமா அந்தப் பக்கம் போயிருந்தேன். பார்க்க வேண்டிய ஆள் வர ஒரு மணி நேரம் ஆகும்னாங்க. சரின்னு மனைக்குள்ள இறங்கி முட்டி போட்டு உக்காந்துட்டேன். கையில நகைக்கடைக்காரங்க கண்ணுல வெச்சுப் பார்ப்பாங்களே, அந்த மாதிரி 10 மடங்கு லென்ஸ். ரொம்ப நாளா இருக்கிற கிறுக்குதான்.

ஆடு ஓட்டிக்கிட்டு வந்த ஒரு ஆயா நின்னு பார்த்தாங்க.

"இன்னா தம்பி, எதுனா வுட்டுட்டியா?"

"இல்ல ஆயா, புல்லு பாக்குறேன்."

"எந்தப் புல்லு?"

நான் முழிச்சேன். எந்தப் புல்லுன்னு கேட்டா? புல்லுன்னா புல்லுதான? ஆயா சிரிச்சுக்கிட்டே குனிஞ்சு ஒவ்வொண்ணா பிடுங்கிப் போட்டாங்க. இது அருகு. இது காக்காக்கால். இது கொண்டப்புல்லு. அதோ செவுத்தோரம் நிக்குதே, அது ஊசிப்புல்லு. "ஊசி பூக்கறதுக்கு மின்ன ஆடு துன்னும். பூத்துச்சின்னா வாயக் குத்தும். அப்ப அந்தாண்ட ஓட்டிக்கினு பூடணும்." ஒரு நிமிஷத்துல ஒன்பது பேர் சொல்லிட்டாங்க. புத்தகம் வாங்கி, லென்ஸ் வாங்கி, ரெண்டு வருஷமா நான் சேர்த்து வெச்சிருந்த பேர் அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

அன்னிக்கு ரயில்ல திரும்பி வரும்போது அந்தக் கேள்வியே மண்டைக்குள்ள ஓடிக்கிட்டிருந்துச்சு. எந்தப் புல்லு? இந்தக் கேள்விக்குப் பதில் தேடி ஒரு கூட்டம் 250 வருஷத்துக்கும் மேலா மண்டையை உடைச்சுக்கிட்டிருக்கு. அதுல கணிசமான பகுதி நம்ம சோழமண்டலக் கரையில நடந்த கதை. அதைத்தான் இந்தப் பதிவுல சொல்லப் போறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

முதல்ல ஒரு அடிப்படை விஷயம். புல்லுக்குப் பூ உண்டா? உண்டு. நாம தினமும் அதோட மிச்சத்தைத்தான் புடைச்சுத் தள்ளுறோம். ஒரு நெல்மணியை எடுத்துப் பாருங்க. உமி ரெண்டு துண்டா இருக்கும். பெரிய துண்டுக்கு லெம்மா, சின்னதுக்கு பேலியான்னு பேரு. நெல் பூக்கும்போது இந்த ரெண்டு கதவுக்கும் நடுவுலதான் மகரந்தத் தாள்களும், இறகு மாதிரி ரெண்டு சூல்முடியும் இருக்கும். கதவு எப்படித் திறக்குது? அடியில லாடிக்யூல்னு ரெண்டு குட்டிச் செதில் இருக்கு. அது தண்ணி குடிச்சு உப்பும், உமி விலகும், மகரந்தம் காத்துல போகும். ஒரு மணி நேரம் சொச்சத்துல மறுபடி மூடிக்கும். வண்டு, தேனீ யாரையும் கூப்பிட வேண்டிய தேவை இல்லாததால கலர் இல்லை, வாசனை இல்லை, இதழ்னு சொல்லிக்க ஒண்ணும் இல்லை. அதனாலதான் நம்ம கண்ணுல படுறதில்லை.

இந்த மாதிரி ஒரு பூவோ பல பூவோ சேர்ந்து, அடியில குளூம்னு ரெண்டு செதிலோட இருக்கிற தொகுப்புக்குச் சிறுகதிர்னு பேரு. புல் ஆராய்ச்சியோட மொத்த சூட்சுமமும் இந்தச் சிறுகதிர்லதான். ஏன்னா இலையை வெச்சுப் புல்லைப் பிரிக்கறது ரொம்பக் கஷ்டம். தண்ணி இருந்தா முழங்கால் உயரம், லாரி ஏறினா தரையோட தரை, ஆடு கடிச்சா வேற உருவம். ஆனா எவ்வளவு மிதிபட்டாலும் அது பூக்கிற விதம் மட்டும் மாறாது.

நம்ம ஆளுங்க இதை வேற பக்கத்துலேர்ந்து பிடிச்சாங்க. தொல்காப்பியம் மரபியல்ல புல்லுக்கும் மரத்துக்கும் இலக்கணம் இருக்கு. வைரம் வெளிப்புறம் இருந்தா புல், உள்ளே இருந்தா மரம். அந்தக் கணக்குல பனை, தென்னை, மூங்கில் எல்லாமே புல்! சின்ன வயசுல இதைப் படிச்சப்ப விநோதமா இருந்துச்சு. பின்னாடி யோசிச்சா, ஒருவித்திலை, இருவித்திலைன்னு பள்ளிக்கூடத்துல படிச்சோமே, அந்தக் கோட்டுக்கு ரொம்பப் பக்கத்துல வந்திருக்காங்க. தண்டை வெட்டிப் பார்த்துப் பிரிச்ச பிரிவு அது. ஆனா புல்லுக்குள்ள எந்தப் புல்லுன்னு கேட்டா தண்டு பதில் சொல்லாது. அதுக்குப் பூவைத்தான் பார்க்கணும்.

பூவை எண்ணிப் பார்த்தவர் ஸ்வீடன்காரர் லின்னேயஸ். 1753-இல் வெளிவந்த அவரோட புத்தகத்துல உலகத்துச் செடிகளையெல்லாம் மகரந்தத் தாள் எத்தனை, சூல்தண்டு எத்தனைன்னு எண்ணிப் பெட்டி பெட்டியா அடுக்கினார். புல்லுங்க பெரும்பாலும் மூணு தாள், ரெண்டு சூல்தண்டு. அதனால ஒரே பெட்டி. சுலபமா இருக்கே என்கிறீர்களா? அங்கதான் வேடிக்கை. நெல்லுக்குத் தாள் ஆறு! அதனால நெல் புல்லுங்களை விட்டுப் பிரிஞ்சு ஆறாம் நம்பர் பெட்டிக்குப் போயிடுச்சு. மக்காச்சோளத்துல ஆண் பூ உச்சியில, பெண் பூ இடுப்புல, அதனால அதுக்கு வேற பெட்டி. சோளத்துல இருபால் பூவும் ஆண் பூவும் கலந்து இருக்கும், அதுக்கு இன்னொரு பெட்டி. ஒரே குடும்பத்தை ரேஷன் கார்டுல நாலு வீடாப் பிரிச்ச மாதிரி. இதெல்லாம் ஒரே குடும்பம்னு லின்னேயஸுக்கே தெரியும். எண்ணுறது ஆளைக் கண்டுபிடிக்க ஒரு சுலப வழி, உறவு சொல்ற வழி இல்லைன்னும் தெரியும். ஆனாலும் உலகம் முழுக்க அந்தப் பெட்டிதான் பரவுச்சு.

அந்தப் பெட்டிக்கு நம்ம ஊரிலிருந்து சரக்கு அனுப்பினவர் ஒருத்தர் உண்டு. யோஹான் கொய்னிக். லின்னேயஸோட மாணவர். 1768-இல் டேனிஷ்காரங்க கையில இருந்த தரங்கம்பாடிக்கு மிஷன் வைத்தியரா வந்தவர். வைத்தியம் பார்த்த நேரம் போக மீதி நேரம் செடி பிடுங்கி, காய வெச்சு, கப்பல்ல ஏத்தினார். லின்னேயஸ் 1771-இல் வெளியிட்ட பிற்சேர்க்கை நூல்ல கொய்னிக் அனுப்பிய செடிகள் நிறைய இருக்கு. பின்னாடி ஆற்காட்டு நவாப்கிட்டயும், அப்புறம் சென்னையில கம்பெனிகிட்டயும் வேலை பார்த்துட்டு 1785-இல் காக்கிநாடா பக்கத்துல இறந்து போனார். அதே தரங்கம்பாடிக்கு 1776-இல் வந்த பாதிரியார் ராட்லரும் செடி சேர்த்தவர்தான். பிற்காலத்துல வேப்பேரியில இருந்துகிட்டு தமிழ்-ஆங்கில அகராதி தொகுத்தவரும் இவரே. ஒரே மனுஷன் ஒரு கையில செடியையும் இன்னொரு கையில சொல்லையும் சேர்த்திருக்கார். எனக்கு அது ரெண்டு வேலையாத் தெரியல.

நம்ம மாவட்டத்துக் கடற்கரைப் புல் ஒண்ணு இந்த நேரத்துலதான் பேர் வாங்குது. பழவேற்காடு மணல்ல நடந்தவங்களுக்குத் தெரியும், இராவணன் மீசை. முள்ளு முள்ளா, காலைக் கிழிக்கும். ஆண் தனிச் செடி, பெண் தனிச் செடி. பெண் கதிர் ஒரு பெரிய முள்பந்து மாதிரி இருக்கும், முத்தினதும் கழண்டு காத்துல மணல் மேல உருண்டுக்கிட்டே போய் விதை போடும். 1768-இல் பர்மன் என்கிறவர் இதை ஸ்டைபா என்கிற வேறொரு பேரினத்துல சேர்த்தார். 1771-இல் லின்னேயஸ் இது தனி ஜாதின்னு ஸ்பினிஃபெக்ஸ்னு புதுப் பேரினமே உண்டாக்கினார். காரணம் அதோட பூதான்.

சரி, ஆயா காட்டின புல்லுக்கு வருவோம். நம்ம அருகம்புல்லையே எடுத்துக்கோங்க. தண்டு நுனியில விரல் விரிச்ச மாதிரி மூணுலேர்ந்து ஆறு கதிர் இருக்கும். இதே மாதிரி விரல் விரிக்கிற டிஜிட்டேரியான்னு இன்னொரு புல்லும் அந்த மனையிலயே இருந்துச்சு. தூரத்துலேர்ந்து பார்த்தா அண்ணன் தம்பி. லின்னேயஸும் 1753-இல் ரெண்டையும் பானிக்கம் என்கிற ஒரே பேரினத்துலதான் வெச்சார். ஆனா லென்ஸை வெச்சுப் பாருங்க. அருகுல ஒரு சிறுகதிருக்கு ஒரே பூ. மணி முத்தி விழும்போது குளூம் ரெண்டும் பெரும்பாலும் கதிர்லயே ஒட்டிக்கிட்டு நிக்கும். டிஜிட்டேரியாவுல சிறுகதிர்கள் ஜோடி ஜோடியா இருக்கும், ஒண்ணுக்குக் காம்பு குட்டை, இன்னொண்ணுக்கு நெட்டை. உள்ளே ரெண்டு பூவுக்கு இடம் உண்டு, கீழ்ப்பூ மலடு, மேல்பூதான் விதை வைக்கும். விழும்போது குளூமோட சேர்ந்து முழுசா விழும். விரல் ஒண்ணு, கை வேற. 1805-இல்தான் அருகு பானிக்கத்தை விட்டு வெளியே வந்து சைனோடான் ஆச்சு. சைனோடான்னா நாய்ப்பல்னு அர்த்தமாம். பிள்ளையாருக்குப் போடுற புல்லுக்கு நாய்ப்பல்! :-)

காக்காக்கால் புல்லும் கேழ்வரகும் இன்னொரு ஜோடி. ரெண்டையும் லின்னேயஸ் சைனோசுரஸ்னு ஒரே பேர்ல போட்டிருந்தார். 1788-இல் கெர்ட்னர் என்கிற ஜெர்மானியர், விதைகளை மட்டுமே அறுத்து அறுத்துப் பார்த்தவர், கேழ்வரகைத் தனியா எடுத்து எலூசினின்னு வெச்சார். அதோட மணியில மேல்தோல் ஒட்டாம தளர்வா இருக்கும், தேய்ச்சா உரிஞ்சு வரும். பெரும்பாலான புல்லுல அது ஒட்டிக்கிட்டே இருக்கும். காக்காக்காலைப் பிரிச்ச அடையாளம் இன்னும் சுலபம், லென்ஸே வேண்டாம். ஒவ்வொரு விரல் நுனியிலயும் சிறுகதிர் இல்லாத ஒரு வெறும் முள் நீட்டிக்கிட்டிருக்கும், காக்கா நகம் மாதிரி. 1809-இல் வில்டெனோவ் இதுக்கு டாக்டிலோக்டீனியம்னு தனிப் பேர் கொடுத்தார். ஆயா வீட்டுல இதுக்கு எப்பவோ பேர் வெச்சாச்சு, அதே நகத்தைப் பார்த்து.

இப்படி ஒண்ணொண்ணா இடம் மாத்திக்கிட்டிருந்தவங்களுக்கு நடுவுல, மொத்தப் புல் கூட்டத்தையும் ஒரே பார்வையில பார்த்தவர் ராபர்ட் பிரவுன். 1801-இல் இன்வெஸ்டிகேட்டர் கப்பல்ல ஆஸ்திரேலியா போய் செடி சேர்த்துட்டு 1805-இல் திரும்பினவர். மகரந்தத் துகளைத் தண்ணியில போட்டுப் பார்த்து அதுல மிதக்கிற துணுக்குங்க தள்ளாடுதேன்னு கண்டுபிடிச்சாரே, பிரவுன் இயக்கம், அதே பிரவுன்தான். லின்னேயஸ் காலத்துல குளூமைப் புல்லி வட்டம்னும் உமியை அல்லி வட்டம்னும், ஒரு சாதாரணப் பூ மாதிரியே நினைச்சு எழுதினாங்க. பிரவுன் பார்த்தது வேற. சிறுகதிர் ஒரு பூ இல்லை, சுருங்கிப் போன ஒரு பூங்கிளை. அதுல எந்தப் பூ தேறுது, எந்தப் பூ நலிஞ்சு போகுதுங்கறதுதான் விஷயம்னார். கீழ்ப்பூ நலிஞ்சு மேல்பூ தேறினா தினைக் கூட்டம். கீழேயிருந்து தேறிக்கிட்டே போய் நுனியில நலிஞ்சா இன்னொரு கூட்டம். 1810-இல் இப்படி ரெண்டாப் பிரிச்சார். தினைக் கூட்டம் வெப்ப நாட்டுல அதிகம், மற்றது குளிர் நாட்டுல அதிகம்னும் 1814-இல் எழுதினார். எண்ணிக்கையிலேர்ந்து அமைப்புக்கு வந்த இடம் இதுதான்.

இந்தப் பிரிப்புல நம்ம மொழிக்கு ஒரு சின்ன லாபமும் நஷ்டமும் உண்டு. வெட்டிவேர் கதை. லின்னேயஸ் 1771-இல் அதை ஃபலாரிஸ்ல போட்டார். 1822-இல் போரி என்கிற பிரெஞ்சுக்காரர் அதுக்குத் தனிப் பேரினம் உண்டாக்கி வெச்ச பேர் வெட்டிவேரியா. சுத்தமான தமிழ்ச் சொல், லத்தீன் வால் ஒட்டி, உலகம் முழுக்கப் புழங்குச்சு. வெட்டிவேர், ஊசிப்புல், சோளம், கரும்பு எல்லாம் ஒரு கூட்டம். இவங்க சிறுகதிர் ஜோடியா வரும், ஒண்ணு தண்டோட ஒட்டி, இன்னொண்ணு காம்போட. பல இனங்கள்ல ஒட்டினதுதான் விதை வைக்கும். ஊசிப்புல்லுல அந்த ஒட்டினதுக்குத்தான் நீண்ட முறுக்கு ஊசி. ஈரம் பட்டா ஊசி முறுக்கு அவிழும், காய்ஞ்சா முறுக்கிக்கும், அப்படியே திருகித் திருகி விதை மண்ணுக்குள்ள இறங்கிடும். ஆட்டு வாயையும் அப்படித்தான் துளைக்கும். சரி, வெட்டிவேருக்கு என்னாச்சு? 1999-இல் வெல்ட்காம்ப் என்கிற டச்சு ஆய்வாளர் கிரைசோபோகான் பேரினத்தையும் இதையும் பக்கத்துல வெச்சு, பூக்கதிர்ல சொல்லப்பட்ட வித்தியாசம் நிலையா இல்லைன்னு ரெண்டையும் ஒண்ணாக்கினார். வெட்டிவேரியா போச்சு. வேருக்காகவே நாம வளர்க்கிற ஒரு செடி, நாம திரும்பியே பார்க்காத பூவால பேரை இழந்துச்சு.

இனி நம்ம ஊர்ப் புத்தகம். 1921-இல் சென்னை அரசு அச்சகம் வெளியிட்ட தென்னிந்தியப் புற்கள் பற்றிய ஒரு கையேடு. எழுதினவர் கோவை விவசாயக் கல்லூரியில தாவரவியல் விரிவுரையாளரா இருந்த ரங்காச்சாரியார், கூடவே தடுலிங்க முதலியார். சமவெளியில பரவலா இருக்கிற சுமார் நூறு புல்லை எடுத்து, சிறுகதிரைப் பிரிச்சு, படம் போட்டு விளக்கியிருக்காங்க. வகைப்பாட்டு வரிசை பிரவுன் போட்ட அதே ரெண்டு கூட்டம்தான். குட்டன்பெர்க் தளத்துல இலவசமாக் கிடைக்குது, இறக்கிக்கோங்க. விவசாய, வனத்துறை அதிகாரிங்க வாராவாரம் புல்லை அனுப்பி இது என்னன்னு கேட்டுக்கிட்டே இருந்ததால எழுதினேன்னு முன்னுரையில சொல்றார். இன்னொரு வருத்தமும் சொல்றார்: தன் நிலத்துல முளைக்கிற புல்லுல அரை டஜன் பேர்கூடச் சொல்லத் தெரிஞ்ச விவசாயிங்க ரொம்பக் குறைவு, அவங்களுக்குப் புல்லுன்னா புல்லுதான்.

இந்த இடத்தைப் படிச்சப்ப எனக்கு ஆயா ஞாபகம் வந்துச்சு. உழவனுக்குப் புல் களை, பிடுங்கிப் போட வேண்டியது. மேய்க்கிறவங்களுக்கு அது சோறு. அரை டஜன் பேர் என்ன, ஒரு நிமிஷத்துல ஒன்பது வந்துச்சே! ஆனா ஒண்ணு, ஆயாவை ஒரேயடியாத் தூக்கி வெச்சு ஆடவும் நான் வரலை. அவங்க ஒரே பேர் சொன்ன ரெண்டு புல்லு, லென்ஸ்ல பார்த்தா வேற வேற. அவங்க பார்த்தது ஆடு திங்குமா, எப்ப திங்கும். ரங்காச்சாரியார் பார்த்தது எந்தப் பூ தேறுது. ரெண்டு பேரும் பூவை வெச்சுத்தான் பேசினாங்க, கேட்ட கேள்விதான் வேற.

அப்புறம் அந்த ரெண்டு கூட்டத்துக்கு என்ன ஆச்சு? 1931-இல் ரஷ்யாவுல அவ்துலோவ் குரோமோசோமை எண்ணிப் பார்த்தப்பவே ஆட்டம் கண்டுச்சு. 2001-இல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்த குழு மரபணுவையும் உடலமைப்பையும் சேர்த்து வெச்சுப் புதுசா ஒரு குடும்ப மரம் போட்டாங்க. பிரவுனோட தினைக் கூட்டம் பெரும்பாலும் தப்பிச்சுது. ஆனா இன்னொரு கூட்டம் உடைஞ்சுது. அருகும் கேழ்வரகும் காக்காக்காலும் அங்கேயிருந்து கிளம்பித் தினைக்குப் பக்கத்துல வந்து உக்காந்துடுச்சு. இப்போ உறவு இப்படி: நெல், கோதுமை, மூங்கில் ஒரு பக்கம். தினை, கம்பு, சோளம், வரகு, சாமை, கேழ்வரகு, கரும்பு, அருகு எல்லாம் இன்னொரு பக்கம். நம்ம சாப்பாட்டுத் தட்டுல சோறும் கேழ்வரகுக் களியும் தூரத்துச் சொந்தம், சோறும் சப்பாத்தியும் அதைவிடக் கிட்டத்துச் சொந்தம். ஆறு தாள் இருக்குன்னு லின்னேயஸ் தள்ளி வெச்ச நெல்லு, ஆறு தாள் உள்ள மூங்கில்கள் இருக்கிற பக்கமே போய்ச் சேர்ந்துடுச்சு. 2003-இல் ஜப்பான்காரங்க நெல்லுல ஒரு மரபணு கெட்டுப்போனா தாள்கள் பெண் உறுப்பா மாறுறதையும், லாடிக்யூல் பேலியா மாதிரி ஆகறதையும் காட்டினாங்க. அதாவது உமியைத் திறக்கிற அந்தக் குட்டிச் செதில்தான் புல்லோட இதழ். இத்தனை வருஷம் இல்லைன்னு நினைச்ச இதழ் அங்கேயே இருந்திருக்கு.

இவ்வளவு நுணுக்கமாப் பிரிச்சு என்ன ஆகப் போகுது? இதைத்தான் நானும் கேட்டுக்கிட்டேன். பதில் நம்ம தாலுகாவுலயே இருக்கு.

அரசாங்கத்துக்கும் ஒரு வகைப்பாடு இருக்கு. நஞ்சை, புஞ்சை, நத்தம், புறம்போக்கு. வரிக் கணக்குக்கு வெளியே நிக்கிறது புறம்போக்கு. அதுலயும் மாடு மேய விட்டது மேய்க்கால் புறம்போக்கு. சென்னையில மந்தைவெளின்னு ஒரு ஏரியா இருக்கே, பேரைக் கேட்டாலே புரியும். லின்னேயஸ் பெட்டி மாதிரிதான் இதுவும், கண்டுபிடிக்க வசதி. ஆனா வரி வராத நிலம்னா ஒண்ணும் இல்லாத நிலம்னு ஆகிப்போச்சு. 'புறம்போக்கு'ன்னு ஆளைத் திட்டவே செய்யறோம்.

கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே தேர்வாய் கண்டிகை. அங்கே ஆயிரம் ஏக்கருக்கும் மேல மேய்க்கால் நிலம், புதரும் மரமும் புல்லுமா இருந்துச்சு. பெரும்பாலும் தலித் மக்கள் வாழற ஊரு, ஆடு மாடு, விறகு, கிழங்கு எல்லாத்துக்கும் அந்த நிலம். 2000-களின் பிற்பாதியில அது தொழிற்பூங்காவுக்காக சிப்காட்டுக்கு மாத்தப்பட்டுச்சு. 2009-இல் பிரெஞ்சு டயர் நிறுவனம் மிஷலின் அங்கே ஆலை கட்ட அரசோட ஒப்பந்தம் போட்டுச்சு. ஊர் ஜனங்க போராடினாங்க. 2012-இல் விஷயம் பிரான்ஸ் வரைக்கும் புகாராப் போச்சு. ஆலையும் வந்துச்சு. நடுவுல 2011 ஜனவரியில உச்ச நீதிமன்றம் ஊர்ப் பொது நிலங்களைக் காப்பாத்தணும்னு ஒரு பஞ்சாப் வழக்குல தீர்ப்புச் சொன்னப்ப, தென்னிந்தியாவுல இதுக்கு மந்தைவெளி, புறம்போக்குன்னு பேர்னு அதுல குறிப்பிட்டிருக்காங்க. 2020 நவம்பர்ல அதே தேர்வாய் கண்டிகை பேர்ல சென்னைக்குக் குடிதண்ணி தர நீர்த்தேக்கமும் திறந்தாச்சு.

ஆலை வேண்டாம்னு சொல்ல எனக்கு அருகதை இல்லை. என் சோறே அந்த சிப்காட்லேர்ந்துதான் வருது. தண்ணியும் வேணும். நான் சொல்றது ஒரு சின்ன விஷயம். ஒரு நிலத்துல என்ன இருக்குன்னு எழுதும்போது 'தரிசு, புல்' அப்படின்னு ஒரே சொல்லுல முடிச்சா, அது போகும்போதும் ஒரே சொல்லுதான் போகும். யாரும் தேட மாட்டாங்க. முப்பது புல்லுன்னு பேரோட எழுதியிருந்தா முப்பது தடவை யோசிக்கணும். இழப்பீடு கணக்குல மரத்தை எண்ணுவாங்க, கிணத்தை எண்ணுவாங்க. ஊசிப்புல் பூக்கறதுக்கு முந்தின வாரங்கள்ல ஒரு ஊரோட ஆடுங்க என்ன சாப்பிட்டுச்சுன்னு யார் எண்ணுவாங்க? அந்தக் கணக்கு ஆயா மாதிரி ஆளுங்க மண்டையில மட்டும்தான் இருக்கு. ஆடு போச்சுன்னா அந்தக் கணக்கும் போச்சு.

பங்குனி கடைசியில மறுபடி அந்தப் பக்கம் போனேன். மனையில செம்மண் கொட்டிச் சமப்படுத்தி, சுத்தி கம்பி வேலி. ஆயாவைக் காணோம், ஆடுகளும் இல்லை. வாட்ச்மேன்கிட்ட கேட்டேன், "தெரிலியே சார், நான் வந்து ரெண்டு வாரந்தான் ஆவுது"ன்னார். வேலி ஓரமா மட்டும் அருகு எட்டிப் பார்த்துக்கிட்டிருந்துச்சு. அது யாருக்கும் அடங்காது.

என் நோட்டுல அந்த மனைக்குப் பதிமூணு புல்லு எழுதி வெச்சிருக்கேன். பதினொண்ணுக்குப் பேர் கண்டுபிடிச்சாச்சு. மீதி ரெண்டுல ஒண்ணு கால்வாய் ஓரம் நின்னது, இன்னொண்ணு சுவர் நிழல்ல நின்னது. ஆயா ரெண்டுக்கும் பேர் சொன்னாங்க, நான் லென்ஸ்லயே கவனமா இருந்து எழுதிக்காம விட்டுட்டேன். லென்ஸும் உதவலை. ஏன்னா தை மாசம் அது ரெண்டும் இன்னும் பூக்கலை.

உங்க தெருவுல, ரயில் பாதை ஓரத்துல, ஆபீஸ் மதில் ஓரத்துல ஏதாவது புல்லு நின்னா குனிஞ்சு ஒரு நிமிஷம் பாருங்க. ஊர்ல பெரியவங்க சொல்ற பேர் தெரிஞ்சா பின்னூட்டத்துல எழுதுங்க, சேர்த்து வெச்சுக்கறேன். படம் எடுத்தா இலையை எடுக்காதீங்க, கதிரை எடுங்க.

டிஸ்கி: நான் தாவரவியல் படிச்சவன் இல்லை. தப்பு இருந்தா குட்டுங்க, திருத்திக்கறேன்.